குன்றிமணி

வட இந்திய நகரங்களில் மணிக்கற்கள் வாங்கச் செல்லும் நம்மவர், 'ரத்தி' என்னும் நிறைப்பெயரைக் கேட்டிருப்பர். அது நமக்குப் புதியதன்று. நம் ஊர் வேலிகளில் படரும் குன்றிமணியே அங்கு ரத்தி எனப்படுகிறது. மராத்தியில் குஞ்ச், கன்னடத்தில் குலகஞ்சி, மலையாளத்தில் குன்னி என வழங்குவதும் இதுவே.

குன்றி, அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த கொடி. புளியிலை போன்ற சிற்றிலைகள் இணையிணையாக அமைந்திருக்கும். வெளிர் ஊதாப் பூக்கள் கொத்தாக மலரும். நெற்று காய்ந்து வெடித்ததும், கருமூக்குடைய செவ்விதைகள் அதன் தோலில் ஒட்டி நின்று ஒளிரும். பொற்கொல்லர் இவ்விதையை நிறைகல்லாகக் கொண்டனர். எட்டு ரத்தி ஒரு மாஷா. பன்னிரண்டு மாஷா ஒரு தோலா. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி மெட்ரிக் அளவை வந்த பின்னரும், ரத்தி என்னும் சொல் மணிக்கடைகளில் நிலைத்துள்ளது.

புறத்தே குன்றியின் செம்மையும் அகத்தே அதன் மூக்கின் கருமையும் உடையோர் எனப் பொய்வேடத்தாரைக் கடிந்தார் வள்ளுவர். விதையின் இயல்பும் அத்தகையதே. அதனுள் ஏப்ரின் என்னும் கொடிய நஞ்சு உள்ளது. முழுவிதையின் தடித்த தோல் பெரும்பாலும் நஞ்சை வெளிவிடாது. மென்றாலோ, மாலை கோக்கத் துளையிட்ட விதையை விழுங்கினாலோ, உயிருக்கே கேடு நேரலாம். இந்நஞ்சுக்கு மாற்று மருந்து இல்லை. வாந்தியும் பேதியும் சில மணி நேரம் கழித்தே தோன்றக்கூடும்.

ஆதலின், ஊரிலிருந்து பல்லாங்குழியுடன் கொணர்ந்த குன்றிமணிகளையும், சதுர்த்தியன்று மண் பிள்ளையாருக்குக் கண்ணாகப் பதித்தவற்றையும் எண்ணி எடுத்து வைப்போமாக. குழந்தை ஒன்றை வாயிலிட்டதாக ஐயம் எழுந்தாலும், அறிகுறிக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்வதே நம் கடமை.