கார் துடைக்கும் கை

தோட்டப்புறத்திலிருந்து பிழைப்புத் தேடிச் சிங்கப்பூருக்குப் போகும் நம் பிள்ளைகள் பார்க்கும் வேலைகளில் கார் கழுவும் வேலையும் ஒன்று. "கார் கழுவுவதற்குக்கூட ஒரு பாடமா?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்திருந்தேன். என் பழைய மாணவன் ஒருவன் அந்த எண்ணத்தை மாற்றிவிட்டான்.

அவன் விடியற்காலை நான்கு மணிக்கே எழுந்து, மோட்டார் சைக்கிளில் ஜொகூர் பாலத்தைத் தாண்டி வேலைக்குப் போகிறவன். 1924ஆம் ஆண்டு திறந்த அந்தப் பாலத்தில் தினமும் போய்வரும் ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் தாயாரோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றான். முகம் வாடியிருந்தது.

"சார், நான் துடைத்த காரில் கீறல் விழுந்துவிட்டதாம். சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள்" என்றான்.

"என் மகன் சோம்பேறி இல்லைங்க சார். நல்லா அழுத்தித்தான் துடைச்சிருக்கான்" என்றார் தாயார்.

குற்றம் அந்த அழுத்தத்தில்தான் இருந்தது. அதை அந்தத் தாய்க்கு எப்படிச் சொன்னேனோ, அப்படியே இன்று உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். சிங்கப்பூரில் கார் என்பது சாதாரணப் பொருளன்று. அங்கே கார் வைத்திருக்க அரசாங்கத்திடம் உரிமைச் சான்றிதழ் ஒன்றை ஏலத்தில் எடுக்க வேண்டும். 1990இல் வந்த முறை இது. சான்றிதழின் ஆயுள் 10 ஆண்டுகள். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான சான்றிதழ் மட்டுமே 150,000 வெள்ளியைத் தாண்டியது. காரின் விலை அதற்கு மேல் தனி. இவ்வளவு செலவழித்தவர், காரின் வண்ணம் மங்காமலிருக்க மேலும் பணம் கொடுத்து ஒரு காப்புப் பூச்சுப் போடுகிறார். செராமிக் பூச்சு என்று அதைச் சொல்கிறார்கள். ஆகவே சிறு கீறலும் அவர் கண்ணில் பெரிதாகவே படும்.

காரின் வண்ணம் ஒரே பூச்சு அல்ல. இரும்புத் தகட்டின்மேல் துருப்பிடிக்காமலிருக்க ஒரு பூச்சு, அதன்மேல் அடிப்பூச்சு, பிறகு நிறப்பூச்சு, எல்லாவற்றிற்கும் மேலே கண்ணாடிபோல் தெளிந்த ஒரு பூச்சு. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். இத்தனை பூச்சும் சேர்ந்தே ஏறக்குறைய 100 முதல் 150 மைக்ரான்தான். உங்கள் பிள்ளையின் நோட்டுப் புத்தகத் தாள் ஒன்றின் கனத்தைவிடச் சற்றே கூடுதல். அதில் மேலேயுள்ள தெளிந்த பூச்சு 40, 50 மைக்ரான் இருக்கும். அதற்கும் மேலே போடும் செராமிக் பூச்சோ பெரும்பாலும் ஓரிரு மைக்ரான்தான்.

இந்தச் செராமிக் பூச்சு மணலில் உள்ள சிலிக்காவைச் சேர்ந்த பொருளால் ஆனது. திரவமாகத் தடவியபின் இறுகிக்கொள்கிறது. சேப்பங்கிழங்கு இலைமேல் மழைத்துளி முத்து முத்தாய் உருண்டோடுவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? பூச்சுப் போட்ட காரின்மேலும் தண்ணீர் அப்படித்தான் உருளும். அழுக்கும் எளிதில் ஒட்டாது.

ஆனால் இரண்டு தவறான எண்ணங்கள் பலருக்கு உண்டு.

முதலாவது, "தண்ணீர்தான் உருண்டு ஓடிவிடுகிறதே, துடைப்பானேன்?" என்பது. எல்லாத் துளியும் ஓடிவிடாது. கூரையிலும் முன்மூடியிலும் சில துளிகள் தங்கும். கிணற்று நீரைக் கொதிக்கவைக்கும் கெண்டியின் அடியில் நாளடைவில் வெள்ளைப் படிவு சேருகிறதே, அதுபோலத் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசியம் போன்ற உப்புகள், நீர் ஆவியானபின் காரின்மேல் தங்கிவிடும். நீர் பரவாமல் குவிந்து நிற்பதால் உப்பும் ஒரே இடத்தில் வட்டமாகப் படியும். சிங்கப்பூர் வெயிலில், சூடேறிய தகட்டின்மேல், சில நிமிடங்களிலேயே இது நடந்துவிடும். காய்ந்த படிவை எடுப்பது கடினம்.

இரண்டாவது, "பூச்சு கல்லுப்போல இறுகியது, கீறல் விழாது" என்பது. பூச்சு விற்பவர்கள் 9எச் என்று ஒரு கடினத்தைச் சொல்வார்கள். அது பென்சிலால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. மணல் துகள் பென்சில் முனையைவிடக் கடினமானது. மணல் ஒட்டிய துணியை அழுத்தித் தேய்த்தால் பூச்சும் கீறும், அடியிலுள்ள வண்ணமும் கீறும். வட்டமாகத் தேய்த்த இடம், கார் நிறுத்துமிடத்து விளக்கின் கீழே சிலந்தி வலைபோலத் தெரியும். என் மாணவன் செய்தது இதைத்தான். மனத்தில் வஞ்சமில்லை, கையில் முறை இல்லை.

சரி, முறை என்ன?

காரை நிழலில் நிறுத்தி, தகடு குளிர்ந்தபின் வேலையைத் தொடங்க வேண்டும். சோப்பு நுரை முழுதும் போகும்வரை அலச வேண்டும். அழுக்கு மிஞ்சியிருக்கும் காரை ஒருபோதும் துடைக்கக் கூடாது. கடைசி அலசலுக்குக் குழாயின் முனைக் கருவியைக் கழற்றிவிட்டு, தண்ணீரை மெதுவாகக் கூரையிலிருந்து வழியவிடுங்கள். அந்த நீர் ஒரு தகடுபோல இறங்கும்போது துளிகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். பாதி வேலை துணியே படாமல் முடிந்துவிடுகிறது. காற்றூதும் கருவி இருந்தால் கண்ணாடி இடுக்கு, கைப்பிடி, விளக்கு ஓரம் ஆகியவற்றில் ஊதிவிடலாம்.

பிறகு துணி. பழைய பனியன், முகம் துடைக்கும் துண்டு, தரை துடைக்கும் துணி எதுவும் கூடாது. ரப்பர் விளிம்பு வைத்த நீர் வழிப்பானும் வேண்டாம். அதன் விளிம்பில் ஒரு மணல் சிக்கினாலும் நெடுங்கோடு விழும். மைக்ரோஃபைபர் துண்டுதான் ஏற்றது. பாலியஸ்டரும் பாலிஅமைடும் கலந்து, தலைமயிரைவிடப் பலமடங்கு மெல்லிய இழைகளால் ஆனது இது. இத்தகைய நுண்ணிழையில் மெத்தென்ற துணியை 1970இல் ஜப்பானின் டோரே நிறுவனத்தைச் சேர்ந்த மியோஷி ஒக்கமோட்டோ உருவாக்கினார். வாங்கும்போது நீண்ட, தடித்த முடியுள்ள துண்டாகப் பாருங்கள். ஓரத்தில் தைத்திருக்கும் விலைச் சீட்டை வெட்டி எடுத்துவிடுங்கள். அதுவும் கீறும்.

துண்டை விரித்துக் கூரைமேல் போட்டு, இரண்டு முனைகளையும் பிடித்து மெதுவாக உங்கள் பக்கம் இழுங்கள். துண்டின் எடையே போதும், கையால் அழுத்த வேண்டாம். மேலிருந்து கீழே வாருங்கள்: கூரை, கண்ணாடிகள், முன்மூடி, பின்மூடி, கதவுகள். சக்கரத்துக்கும் அடிப்பகுதிக்கும் வேறு துண்டு வேண்டும். வட்டமாகத் தேய்க்காமல், நேர்கோட்டில் இழுங்கள். அல்லது ஒற்றி எடுங்கள். கதவைத் திறந்து உள்விளிம்பையும், எண்ணெய் ஊற்றும் மூடியின் உட்புறத்தையும் துடைக்க மறக்காதீர்கள். துண்டு தரையில் விழுந்தால் அதை உதறி மீண்டும் எடுக்காதீர்கள். வேறு துண்டு எடுங்கள்.

பூச்சுப் போட்டுச் சில நாட்களே ஆன காரை, பூச்சுத் தயாரிப்பாளர் சொன்ன நாட்கள் கழியும்வரை கழுவக் கூடாது. சிராங்கூன் சாலை வட்டாரக் கோயில்களில் புதுக் காருக்குப் பூசை செய்து சந்தனமும் குங்குமமும் வைப்பது நம் வழக்கம். காய்ந்த சந்தனத்தை விரலால் சுரண்டக் கூடாது. ஈரத் துணியை அதன்மேல் சற்று நேரம் போட்டு, ஊறியபின் நீர் ஊற்றிக் கழுவ வேண்டும். பறவை எச்சத்துக்கும் இதுவே வழி.

தாய்மார்களே, துண்டைத் துவைப்பது உங்கள் வீட்டிலும் நடக்கக்கூடும். பருத்தித் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள், அதன் நூல் தூசி இழைகளில் சிக்கிக்கொள்ளும். துணி மென்மையாக்கும் திரவமும் வேண்டாம், அது இழைகளை மூடி நீரை உறிஞ்சவிடாது. சூடான இரும்புப்பெட்டியும் ஆகாது. நிழலில் உலர்த்தி, மூடிய பையில் வையுங்கள்.

அன்று என் வீட்டு முற்றத்தில் என் பழைய காரையே கழுவிப் பழகினான் அந்தப் பையன். முதலில் அவன் கை, பால்மரத்துப் பட்டையில் உளியை இழுப்பதுபோல் அழுத்தியது. அவன் தாயார் பார்த்துக்கொண்டே இருந்தார். முப்பது வருடம் பால் வெட்டியவர். "தம்பி, கத்தி ஆழமாப் போனா மரம் புண்ணாயிடும். அளவாத்தான் போகணும். இதுவும் அப்படித்தான் போலிருக்கு" என்றார். நான் அரை மணி நேரம் பேசியும் விளங்காதது அந்த ஒரு வார்த்தையில் அவனுக்கு விளங்கிவிட்டது.

பிடித்த பணம் திரும்பி வரவில்லை. ஆனால் அவன் வேலையை விடவில்லை. இப்போது புதிதாக வரும் பையன்களுக்குத் துண்டை எப்படிப் பிடிப்பது என்று அவன்தான் காட்டிக்கொடுக்கிறான். உங்கள் வீட்டிலிருந்தும் யாராவது அந்த வேலைக்குப் போனால், போவதற்கு முன் இதைச் சொல்லி அனுப்புங்கள்.