மகனுக்கு அடி, மகளுக்குக் காவல்: வீட்டுக் கண்டிப்பில் ஏன் இந்த வித்தியாசம்?

"இரு, அப்பா வரட்டும்... சொல்றேன்." பல வீடுகளில் அம்மாவின் கடைசி ஆயுதம் இந்த ஒரு வரிதான். ஆனால், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில் தொடங்கி காஞ்சிபுரம் வரை, தறி உள்ள வீடுகளில் இந்த மிரட்டல் எடுபடாது. அப்பா எங்கேயும் போகவில்லை; அதே கூடத்தில் குழித்தறியில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

அடிப்பது யார்?

'அப்பா கண்டிப்பு, அம்மா செல்லம்' என்பது சினிமா கணக்கு. 2019 தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டாரைக் கவனித்துக்கொள்ளும் பெண்கள் அதற்கு நாளுக்கு 134 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 76 நிமிடம். யார் கூடவே இருக்கிறாரோ, அவர் தலையில்தான் கண்டிக்கும் வேலையும் விழுகிறது. சாப்பாடு, ஹோம்வொர்க், குளியல் என்று தினசரி சின்னச் சின்ன அடி அம்மாவிடம். எப்போதாவது விழும் பெரிய அடி அப்பாவிடம்.

யாருக்கு என்ன?

மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வில், மூன்றில் இரண்டு குழந்தைகள் உடல்ரீதியான கொடுமைக்கு ஆளானதாகத் தெரியவந்தது. அவர்களில் பாதிக்கு மேல் பையன்கள். (ஆய்வு நடந்த 13 மாநிலங்களில் தமிழகம் இல்லை.)

அப்படியானால் பெண் குழந்தைகள் தப்பித்துவிட்டார்களா? அதுதான் இல்லை. பையனுக்கு ரெண்டு அடி, "ஆம்பளப் பையன் அழுவுறியே" என்று ஒரு அதட்டல். அரை மணியில் அவன் தெருவில் கிரிக்கெட் ஆடுகிறான். பெண்ணுக்கு அடி குறைவு. "எங்க போற? யார்கூட பேசின? போனைக் குடு" என்பது மட்டும் முடிவதே இல்லை. அடியை எண்ணும் ஆய்வில் இது பதிவாகாது.

மகள் வயதுக்கு வந்த பிறகு, "வளர்ந்த பொண்ணு மேல கை வைக்கக் கூடாது" என்று பல அப்பாக்கள் ஒதுங்கிவிடுவார்கள். ஆனால் "உன் பொண்ணு என்ன பண்றான்னு பாரு" என்ற உத்தரவு அம்மாவுக்குப் போகும். மகள் தப்பு செய்தால் திட்டு அம்மாவுக்கும் சேர்த்துத்தான். அம்மாக்கள் மகளிடம் கூடுதல் கெடுபிடி காட்டுவதற்கு இந்தப் பயமும் ஒரு காரணம்.

தறி இருந்த வீட்டில்

காஞ்சிப் பட்டின் கோர்வைக் கரைக்கு மூன்று நாடா வேண்டும். மூன்றாவதைக் கடத்தித் தர பக்கத்தில் ஒரு ஆள் உட்கார வேண்டும். நீண்ட காலம் அந்த ஆள் ஒரு குழந்தைதான். சொந்தப் பிள்ளை அல்லது முன்பணத்துக்கு வந்த பிள்ளை. மகள் பெரும்பாலும் அம்மாவோடு தார் சுற்றுவாள். அப்பாவே மேஸ்திரி ஆகும்போது, விழுந்த அடி ஒழுக்கத்துக்கா, இழை பிசகியதற்கா என்று பிரிக்க முடியாது. பட்டுத் தொழிலில் கொத்தடிமைச் சிறார்கள் குறித்த 2003 ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. 2016 சட்டத் திருத்தம் 14 வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைக்கத் தடை விதித்தாலும், பள்ளி நேரம் போக குடும்பத் தொழிலில் உதவுவதற்கு விலக்கு தருகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

பள்ளியில் அடிக்க, கல்வி உரிமைச் சட்டம் 17ஆவது பிரிவு தடை விதிக்கிறது. வீட்டில் அப்படி நேரடித் தடை இல்லை. 12 வயதுக்குட்பட்ட குழந்தையின் நன்மைக்காக நல்லெண்ணத்தில் செய்தது குற்றமல்ல என்கிறது பாரதிய நியாய சன்ஹிதா 27ஆவது பிரிவு. அதேசமயம், தேவையற்ற வேதனை தரும் தாக்குதலுக்கு, அது பெற்றோரே ஆனாலும், சிறார் நீதிச் சட்டம் 75ஆவது பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை உண்டு. 1979இலேயே சுவீடனும், 2018இல் நேபாளமும் வீட்டு அடியையும் தடை செய்துவிட்டன.

அடி எல்லை மீறுகிறது என்றால் 1098 எண்ணுக்கு அழைக்கலாம். குழந்தையே அழைக்கலாம், கட்டணம் கிடையாது.