நோயின் படிநிலையும் தோட்டத்துப் பெண்ணும்

யோனிப் புற்றுநோய் அரிதானது. பெண்ணின் இனப்பெருக்க உறுப்புக்களிலே தோன்றும் புற்றுநோய்களுள் நூற்றுக்கு ஒன்றிரண்டே இவ்வகையின. அவ்வாறாயின், அட்டன், நுவரெலியாத் தோட்டங்களை முன்வைத்து இதனை ஆராய்வானேன் என்ற வினா எழலாம். நோயின் படிநிலை என்பது, கண்டறியப்படுமுன் அது உடலினுள்ளே கடந்துவிட்ட தூரமாகும். அத்தூரத்தை நீட்டுவதிலே தாமதத்திற்குப் பங்குண்டு. தாமதமோ வாழ்க்கை நிலையைப் பொறுத்தது.

சர்வதேச மகப்பேற்றியல், பெண்நோயியல் சம்மேளனத்தின் வகுப்பின்படி, முதலாம் நிலையில் நோய் யோனிச் சுவருள் அடங்கியிருக்கும். சுவரைக் கடந்து அயல் இழையங்களிற் பரவியும் இடுப்புச் சுவரை எட்டாதிருப்பின் இரண்டாம் நிலை. எட்டிவிடின் மூன்றாம் நிலை. சிறுநீர்ப்பையின் அல்லது மலக்குடலின் உட்படலத்தைப் பற்றுவதும், நுரையீரல் முதலான தொலையுறுப்புக்களை அடைவதும் நான்காம் நிலையின் இரு கூறுகள். கட்டி கருப்பைக் கழுத்தையும் பற்றியிருப்பின் அது கருப்பைக் கழுத்துப் புற்றுநோயாகவே கணிக்கப்படும். இந்நோயின் அருமைக்கு இவ்வரைவிலக்கணமும் ஒரு காரணம் என்பது நோக்கற்பாலது.

தொடக்கத்தில் வலி பெரும்பாலும் இராது. மாதவிடாய் நின்றபின் இரத்தக் கசிவு, உடலுறவின்பின் இரத்தம், நாற்றமுள்ள வெள்ளை ஆகியனவே முன்னறிகுறிகள். இவற்றை ‘உடற்சூடு’ என்று ஒதுக்கிவிடுவது நம்மவர் வழக்கம். இடுப்பு வலியும் சிறுநீர்த் தடையும் தோன்றும்போது நோய் பெரும்பாலும் முன்னேறியிருக்கும். ஆனால் பெண்ணின் அறியாமையை மட்டும் குறைகூறுதல் நேர்மையன்று. கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பெயர். மலைக்குப் போகாவிடின் பெயரே இல்லை. கதிர்ச் சிகிச்சையோ வாரக்கணக்கில் நீள்வது. அதற்குக் கண்டிக்கோ மகரகமவுக்கோ செல்லல் வேண்டும்.

1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டம் தோட்ட நிருவாகத்தின்மீது சில கடமைகளைச் சுமத்தியது. எனினும், உழைக்கும் கரங்களைக் காப்பதே அக்காலத் தோட்ட மருத்துவத்தின் முதன்மை நோக்கமாயிருந்தது. 1996இல் தொடங்கிய சுகவனிதையர் நிலையங்கள், முப்பத்தைந்து வயதுப் பெண்களைக் கருப்பைக் கழுத்துப் பரிசோதனைக்கு அழைக்கின்றன. யோனிப் புற்றுநோய்கள் பலவற்றுக்கும் காரணமான பப்பிலோமா வைரசுக்கெதிரான தடுப்பூசி, 2017 முதல் ஆறாம் வகுப்பு மாணவியர்க்கு வழங்கப்படுகின்றது. இது மகளுக்கு அரண். ஐம்பதைக் கடந்த தாய்க்கு அன்று. கருப்பை அகற்றப்பட்டவளும், முன்னர் கருப்பைக் கழுத்து நோய்க்குச் சிகிச்சை பெற்றவளும் ‘இனி எனக்கென்ன?’ என்றிருத்தல் தகாது. பின்னவளுக்கு ஆபத்து மிகுதி. பரிசோதனைக்குச் செல்லும் நாளையும் முழுப் பெயராகக் கணிக்குமாறு தொழிற்சங்கங்கள் கோருதல் வேண்டும்.