பருவுக்கு அடுப்படி மருந்து: முகம் படும் பாடு

முகப்பரு உயிரை வாங்குகிற நோய் இல்லை. அதனாலோ என்னவோ, அதற்கு வைத்தியம் சொல்லாத ஆளே ஊரில் இல்லை. கன்னத்தில் ஒன்று தலைகாட்டினால் போதும். ஜாதிக்காயை இழைத்துப் போடு என்பார் பாட்டி. பூண்டை நறுக்கித் தேய் என்பார் சித்தி. டூத்பேஸ்ட்டை வைத்துக்கொண்டு படு என்பான் ஹாஸ்டல் நண்பன். 'சாப்பிடுகிற சாமான்தானே, என்ன செய்துவிடப் போகிறது?' என்பதுதான் எல்லோருடைய தைரியமும். மிளகாய்த்தூளும் சாப்பிடுகிற சாமான்தான்.

பரு தெரிவது மேலே, வேர் உள்ளே

தோலில் ஒவ்வொரு மயிர்க்காலோடும் ஓர் எண்ணெய்ச் சுரப்பி ஒட்டிக்கொண்டிருக்கிறது. வயதுக்கு வரும் பருவத்தில் ஹார்மோன்களின் தூண்டுதலால் இது எண்ணெயை அதிகம் சுரக்கும். உதிர வேண்டிய செல்கள் உதிராமல் துவாரத்தை அடைத்துக்கொள்ளும். உள்ளே தேங்கிய எண்ணெயில் கியூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்ற கிருமி பெருகும். அதை எதிர்த்து உடல் கிளம்பும்போது சிவப்பும் வீக்கமும் சீழும் வருகின்றன. இவ்வளவும் துவாரத்துக்குள் நடக்கிறது. கடலை மாவோ முட்டை வெள்ளைக்கருவோ மேலே காய்ந்து இறுகி, தோலை இழுத்துப் பிடித்த உணர்வைத் தரும், அவ்வளவுதான்.

ஆனாலும் 'எனக்குக் கேட்டதே' என்று பலர் சொல்கிறார்கள். சிறிய பரு ஒரு வாரம், பத்து நாளில் தானாகவே அமுங்கிவிடும். இடையில் எதைத் தடவியிருந்தாலும் பேர் அதற்குத்தான் போய்ச் சேரும்.

எலுமிச்சையும் வெயிலும்

இந்த வைத்தியங்களில் எனக்கு அதிகம் பயம் தருவது எலுமிச்சைதான். தோலின் மேற்பரப்பு லேசான அமிலத் தன்மை கொண்டது, அதன் பி.எச். அளவு ஏறக்குறைய 5. எலுமிச்சைச் சாற்றுக்கு அது 2-ஐ ஒட்டி வரும். கேட்க மூன்று படி வித்தியாசம்தான். ஆனால் இந்த அளவுகோலில் ஒவ்வொரு படியும் பத்து மடங்கு என்பதால், தோலைவிட அந்தச் சாறு ஆயிரம் மடங்கு அமிலம். அதையும் கிள்ளிவிட்ட பருவின் மேல் பிழிந்தால் எரியாமல் என்ன செய்யும்?

எரிச்சலாவது உடனே தெரிந்துவிடும். தெரியாமல் வருவது இன்னொன்று. எலுமிச்சையில், முக்கியமாகத் தோலில், ஃபுரானோகூமரின் என்ற வேதிப்பொருள்கள் இருக்கின்றன. இவை முகத்தில் ஒட்டியிருக்கும்போது வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால், அந்த இடம் வெந்துபோகும். நம் ஊரில் எலுமிச்சை என்று வாங்குகிற சின்ன மஞ்சள் பழம், ஆங்கிலத்தில் லைம் எனப்படும் வகை; இந்த விஷயத்தில் பேர்போனதும் அதுதான். மூடியைக் கன்னத்தில் தேய்த்துவிட்டு, சரியாகக் கழுவாமல் பஸ்ஸுக்கு நின்றவருக்கு அன்று ஒன்றும் தெரியாது. ஓரிரு நாள் கழித்துச் சிவக்கும், சிலருக்குக் கொப்புளம் கிளம்பும், பிறகு கறுக்கும். சாறு வழிந்த தடத்திலேயே, தாடைவரை கோடுகோடாகக் கறை விழுவதும் உண்டு. பரு இல்லாத இடத்துக்கும் சேர்த்துத் தண்டனை.

பூண்டு, பட்டை, ஆப்பசோடா

பூண்டை நசுக்கியதும் வரும் காரநெடிக்குக் காரணமான கந்தகச் சேர்மங்கள் கிருமியைக் கொல்லும் என்பது உண்மைதான். தோலையும் அவை விட்டுவைப்பதில்லை. நசுக்கிய பூண்டை வைத்துக் கட்டிக்கொண்டு தூங்கி, நெருப்புப் பட்டதுபோல் புண்ணாகி வந்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பல பதிவுகள் உள்ளன. தேனும் பட்டைத்தூளும் குழைத்த பூச்சுக்கு இப்போது மவுசு அதிகம். பட்டையின் வாசனைக்குக் காரணமான சின்னமால்டிஹைடு, ஒவ்வாமையைக் கிளப்புவதில் பிரசித்தமானது. ஆப்பசோடா எலுமிச்சைக்கு நேர் எதிர். அது காரம், தோலின் காப்புப் படலத்தை மறுபக்கத்திலிருந்து கெடுக்கும். இரண்டையும் கலந்து நுரைக்க நுரைக்கப் பூசுகிறவர்களும் உண்டு. அந்த நுரை வெறும் கார்பன் டை ஆக்சைடு.

டூத்பேஸ்ட் சமையலறைச் சாமான் இல்லை என்றாலும் இந்தக் கூட்டத்தில் சேர்த்தி. பருவைக் காயவைப்பதாகத் தோன்றும்; வாயைச் சுற்றிப் பொரிப்பொரியாகக் கிளம்பவும் அது காரணமாகலாம்.

மஞ்சளும் தேங்காய் எண்ணெயும்

மஞ்சளைக் குறை சொன்னால் வீட்டில் சண்டை வரும். பெரும்பாலோருக்கு அது ஒன்றும் செய்வதில்லை, சிலருக்கு மட்டும் ஒவ்வாமை அரிப்பு வரும். பொடியாக வாங்கும்போது சங்கடம் கூடுகிறது. கஸ்தூரி மஞ்சள் என்று விற்பதெல்லாம் கஸ்தூரி மஞ்சள் அல்ல. நிறத்துக்காக லெட் குரோமேட் கலப்பதும் மஞ்சள்தூள் வியாபாரத்தில் பழைய மோசடி.

தேங்காய் எண்ணெய் துவாரத்தை அடைக்கும் இயல்புடையது. தலையில் வழிய வழிய வைத்துப் படிய வாரினால் நெற்றியில் சின்னச் சின்னதாகப் பரு அரும்பும். 'பொமேட் ஆக்னி' என்ற பெயரில் அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் 1970-லேயே எழுதிய சங்கதி இது. நெற்றிப் பருவுக்கு என்னென்னவோ தடவுகிறவர்கள், தலைக்கு என்ன வைக்கிறோம் என்று ஒருமுறை பார்ப்பது நல்லது.

பரு போன பிறகும் போகாத கறை

மாநிறத்திலும் கறுப்பிலும் தோலுக்கு ஒரு குணம் உண்டு. எங்கே அழற்சி வந்தாலும், ஆறிய இடத்தில் நிறமியைக் கொட்டிவிடும். பத்து நாளில் போயிருக்க வேண்டிய பருவை எலுமிச்சையால் சுட்டு, சர்க்கரையால் தேய்த்து, நகத்தால் கிள்ளினால், மிஞ்சும் கறை மாதக்கணக்கில் நிற்கும். அதை மறைக்க அடுத்து வாங்குவது மெடிக்கல் ஷாப்பில் 'முகம் பளிச்சென்று ஆக' என்று கொடுக்கும் ஸ்டீராய்டு களிம்பு. முதல் வாரம் பளிச்சென்றுதான் இருக்கும். பிறகு பரு இன்னும் மோசமாகக் கிளம்பும், தோல் மெலியும். மருத்துவர் சீட்டு இல்லாமல் இவற்றை விற்கக் கூடாது என்று 2018-ல் மத்திய அரசு பட்டியலைக் கடுமையாக்கியது இதற்காகத்தான். சீட்டைக் கேட்கும் கடைகள் எத்தனை என்பது உங்களுக்கே தெரியும்.

இயற்கை என்றால் எல்லாமே வீணா?

இல்லை. ஐந்து சதவீத டீ ட்ரீ எண்ணெய் ஜெல்லை, அதே அளவு பென்சாயில் பெராக்சைடோடு ஒப்பிட்டு ஆஸ்திரேலியாவில் 1990-ல் ஆய்வு நடந்தது. டீ ட்ரீ மெதுவாகத்தான் வேலை செய்தது, ஆனால் செய்தது, எரிச்சலும் குறைவு. அதே எண்ணெயைப் பாட்டிலிலிருந்து அப்படியே தடவினால் புண்ணாகலாம். நியூசிலாந்தில் கானுகா தேனைச் சோதித்தபோதோ (2016) பலன் எதுவும் தெரியவில்லை. அளந்து, சோதித்து, ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் எது மருந்து என்று தெரிகிறது. சமையலறையில் அளவு என்பதே கைப்பக்குவம்.

எது கேட்கும்?

லேசான பருவுக்கு 2.5 சதவீத பென்சாயில் பெராக்சைடு, அடாபலின், அசிலாயிக் அமிலம் போன்றவை நன்றாகச் சோதிக்கப்பட்டவை. எதுவானாலும் பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். பத்தாம் நாளே தூக்கிப் போடுகிறவர்களால்தான் இவற்றுக்குக் கெட்ட பேர். கர்ப்பிணிகளும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுகிறவர்களும் அடாபலினைத் தவிர்க்க வேண்டும். கட்டிகட்டியாக வலிக்கும் பரு, குழிவிழும் பரு, மாதவிடாய் தவறுவதோடும் முகத்தில் ரோமம் வளர்வதோடும் சேர்ந்து வரும் பரு, இவற்றுக்கு வீட்டில் காத்திருக்கக் கூடாது.

ஏற்கெனவே தடவி எரிகிறதா?

நிறையப் பச்சைத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். எலுமிச்சை எரிச்சலுக்கு ஆப்பசோடா என்று மாற்று தேடாதீர்கள். சாதாரண வாசலீனை மெல்லியதாகத் தடவி, சில நாள் வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பரு மருந்துகளையும் அதுவரை நிறுத்திவையுங்கள். கொப்புளம் வந்தாலோ, கண் வீங்கினாலோ அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். திட்டுவாரோ என்று கூச்சப்பட்டு, தடவிய சாமானை மட்டும் மறைக்காதீர்கள். ஒவ்வாமையா, அமிலப் புண்ணா, வெயில் புண்ணா என்பதை அவர் அதை வைத்துத்தான் பிரித்துப் பார்ப்பார்.