"ஒண்ணும் பண்ணாதுங்க" என்று சொன்னால் போதுமா? நாயுடன் பூங்காவுக்குப் போகிறவர்கள் அறிய வேண்டியவை

"பயப்படாதீங்க மேடம், அது ஒண்ணும் பண்ணாது!"

நாயோடு வாக்கிங் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் வாக்கியம் இது. சொல்கிறவர் ஐம்பது அடி தள்ளி நிற்பார். அவருடைய லாப்ரடார் லீஷ் இல்லாமல் பாய்ந்து வந்துகொண்டிருக்கும். அவர் சொல்வது பொய்யும் அல்ல, அந்த நாய் இதுவரை யாரையும் கடித்திருக்காது. ஆனால், எதிரில் நிற்கும் நாய் என்ன செய்யும் என்பது அவருக்குத் தெரியாது. அது தெருவில் அடிபட்டு மீட்கப்பட்ட நாயாக இருக்கலாம். அறுவை சிகிச்சை முடிந்து தையல் ஆறாத நாயாக இருக்கலாம். வயதாகி, கண் மங்கி, யார் நெருங்கினாலும் திடுக்கிடும் நாயாகவும் இருக்கலாம்.

பூங்காவில் நாய்களுக்குள் வரும் சண்டைகளும், அதைத் தொடர்ந்து மனிதர்களுக்குள் வரும் சண்டைகளும் பல நேரம் இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன. தன் நாயின் குணத்துக்கு உத்தரவாதம் கொடுப்பதைவிட, "உங்க நாய் பழகுமா, கிட்ட வரலாமா?" என்று முதலில் கேட்பது எவ்வளவோ மேல். "வேணாங்க" என்று பதில் வந்தால் காரணம் கேட்காமல் விலகிப் போய்விட வேண்டும்.

நாய்களுக்கென்றே பூங்கா உண்டா?

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாகாணத்தில், பெர்க்லி நகரில் 1979-ல் தொடங்கப்பட்ட ஓலோனி பூங்காதான் இந்த வகையில் முன்னோடியாகச் சொல்லப்படுகிறது. இந்தியாவில் ஹைதராபாத் மாநகராட்சி 2018-ல் கொண்டாப்பூரில் சுமார் 1.3 ஏக்கரில் நாய்களுக்கான பூங்காவைத் திறந்தது.

இத்தகைய பூங்காக்களில் பொதுவாக இரட்டைக் கதவு இருக்கும். முதல் கதவைத் தாண்டி உள்ளே வந்து, அதைச் சாத்தி, நடுவில் நின்று லீஷைக் கழற்றிய பிறகே இரண்டாவது கதவைத் திறக்க வேண்டும். எந்த நாயும் சாலைக்கு ஓடிவிடாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. பெரிய நாய்களுக்கும் சிறிய நாய்களுக்கும் தனித்தனித் தடுப்புகள் இருக்கும். பொமரேனியனைப் பார்த்து விளையாட்டாக ஒரு ஜெர்மன் ஷெப்பர்ட் கால் வைத்தாலே எலும்பு முறியும் என்பதால் அந்தப் பிரிவினை.

தமிழ்நாட்டில் நாய் வளர்ப்போரில் பெரும்பாலோருக்குக் கிடைப்பது கடற்கரை, அடுக்குமாடிக் குடியிருப்பின் நடைபாதை, அனுமதி இருந்தால் உள்ளூர்ப் பூங்கா ஆகியவைதான். அங்கே குழந்தை ஓடும், முதியவர் கைத்தடியோடு நடப்பார், தெரு நாய் படுத்திருக்கும். வெளிநாட்டு வீடியோவில் நாய்கள் சுதந்திரமாக ஓடுவதைப் பார்த்துவிட்டு இங்கே லீஷைக் கழற்றுகிறவர்கள், அந்த வீடியோவில் இருந்த வேலியைக் கவனிப்பதில்லை.

இரண்டு நாய்கள் சந்திக்கும்போது

நேருக்கு நேர் முகம் பார்த்து வருவது நாய்களின் மொழியில் மரியாதை அல்ல. பழகத் தெரிந்த நாய்கள் கொஞ்சம் வளைந்து, பக்கவாட்டில் வந்து, பின்பக்கத்தை மோந்து பார்க்கும். அதனால் இரண்டு பேரும் எதிரெதிரே வந்து நிற்காமல், ஒரே திசையில் இடைவெளி விட்டுச் சிறிது தூரம் நடந்துவிட்டு, பிறகு நெருங்க விடுவது நல்லது. முதல் சந்திப்பு மூன்று, நான்கு விநாடிகள் போதும். உடனே பெயர் சொல்லிக் கூப்பிட்டு விலக்கி, இரண்டும் இயல்பாக இருந்தால் மறுபடி விடலாம்.

பயத்தில் லீஷை இறுக்கிப் பிடிப்பது பலரும் செய்வது. கழுத்தில் இறுக்கம் விழுந்ததும், ஏதோ ஆபத்து என்று நாயும் விறைத்துக்கொள்ளும். ஒரு நாய் லீஷிலும் இன்னொன்று லீஷ் இல்லாமலும் இருந்தால் சிக்கல் இன்னும் அதிகம். கட்டப்பட்ட நாயால் ஓட முடியாது. ஓட வழியில்லாத நாய்க்கு மிச்சம் இருப்பது பல் மட்டுமே.

வால் ஆட்டுகிறதே என்று நம்பிவிடவும் முடியாது. உடம்பு முழுவதும் தளர்ந்து, இடுப்போடு சேர்ந்து வால் ஆடினால் மகிழ்ச்சி. வால் மட்டும் உயரத் தூக்கி, விறைப்பாக, சின்னச் சின்னதாக ஆடினால் பதற்றம். முன்னங்கால்களைத் தரையில் நீட்டி, பின்பக்கத்தை உயர்த்தினால் விளையாடக் கூப்பிடுகிறது. உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்புவது, உரிமையாளரின் கால்களுக்கு நடுவே புகுவது எல்லாம் "என்னை விடு" என்று சொல்வது. முதுகு மயிர் சிலிர்த்து, அசையாமல் உற்றுப் பார்த்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டுக் கிளம்ப வேண்டும். பூங்காவில் செல்போனைப் பார்த்துக்கொண்டே நிற்பவருக்கு இவற்றில் எதுவும் தெரியப்போவதில்லை.

தடுப்பூசி முடியாத குட்டி, இருமல், வயிற்றுப்போக்கு உள்ள நாய், ஹீட்டில் இருக்கும் பெண் நாய் ஆகியவற்றைப் பல நாய்கள் கூடும் இடத்துக்கு அழைத்து வரக் கூடாது. பார்வோ வைரஸ் மண்ணில் பல மாதங்கள் உயிரோடு இருக்கும், குட்டிகளைக் கொல்லக்கூடியது. அடுத்தவர் நாய்க்குக் கேட்காமல் பிஸ்கட் கொடுப்பதும் வேண்டாம். ஒரு துண்டு பிஸ்கட்டுக்காக இதுவரை நண்பர்களாக இருந்த நாய்கள் மோதிக்கொள்ளும்.

கடித்துவிட்டால்?

நாய்கள் சண்டையிடும்போது நடுவில் கையை விடக் கூடாது. கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுக்கப் போகிறவர்தான் பெரும்பாலும் கடிபடுவார், கடிப்பது சொந்த நாயாகவே இருக்கும். தண்ணீர் ஊற்றலாம், பலத்த சத்தம் எழுப்பலாம், குடையையோ பையையோ இடையில் நுழைக்கலாம்.

மனிதர் யாரையாவது கடித்துவிட்டால், தடுப்பூசி போட்ட வளர்ப்பு நாய்தானே என்று விட்டுவிடக் கூடாது. காயத்தைச் சோப்பு போட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நாய் நாயைக் கடித்திருந்தால், "உங்க நாய்தான் முதல்ல உறுமிச்சு" என்று வாதாடுவதற்கு முன் செய்ய வேண்டியவை உண்டு. செல்போன் எண்ணைக் கொடுப்பது, தடுப்பூசிப் புத்தகத்தைக் காட்டுவது, கூடவே கால்நடை மருத்துவரிடம் போவது. லீஷ் இல்லாமல் வந்தது உங்கள் நாய் என்றால் மருத்துவச் செலவை ஏற்பதுதான் நியாயம். மேலே சிறிய ஓட்டைபோலத் தெரியும் பல் காயம் உள்ளே ஆழமாக இருக்கலாம் என்பதால், வீட்டில் மஞ்சள் தடவிச் சமாளிப்பது ஆபத்து.

சட்டம் என்ன சொல்கிறது?

2024 மே மாதம் சென்னை நுங்கம்பாக்கத்தில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் இரண்டு ராட்வைலர் நாய்கள் 5 வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. நாய்களின் உரிமையாளர் கைது செய்யப்பட்டார். வளர்ப்பு நாய்களை முறைப்படுத்தும் பேச்சு சென்னையில் தீவிரமானது அதற்குப் பிறகுதான்.

தன் பொறுப்பில் உள்ள விலங்கால் மனித உயிருக்கோ, கொடுங்காயமோ நேராதபடி பார்த்துக்கொள்ளாமல் அலட்சியமாக இருந்தால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-வது பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். இது மனிதர்களுக்கு வரும் ஆபத்தைப் பற்றிய பிரிவு. உங்கள் நாயை இன்னொரு நாய் கடித்ததற்கு இது பொருந்தாது. அதனால்தான் உரிமையாளர்கள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்வது இத்தனை முக்கியமாகிறது.

மறுபக்கம், நாய் வளர்ப்பதையே குடியிருப்போர் சங்கங்கள் தடை செய்ய முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. பூங்காவுக்கு நாயே வரக் கூடாது என்பதற்குப் பதில், அதற்கென நேரம் ஒதுக்கலாம் என்பதும் வாரியத்தின் யோசனை. காலை ஆறு மணிக்கு முன் நாய்கள், அதற்குப் பிறகு குழந்தைகளும் முதியவர்களும் என்று பேசி முடிவு செய்துகொண்டால், வாட்ஸ்ஆப் குழுவில் நடக்கும் பாதிச் சண்டை குறையும்.

எப்படிச் சொல்வது?

மலத்தை அள்ளாமல் போகிறவரைப் பார்த்து எல்லோர் முன்னாலும் கத்தினால், அவர் நாளை வேறு வழியில் போவாரே தவிர அள்ள மாட்டார். "சார், என்கிட்ட எக்ஸ்ட்ரா பை இருக்கு, வேணுமா?" என்று நீட்டினால் மறுப்பது கஷ்டம். பாய்ந்து வரும் நாயின் உரிமையாளரிடம் "உங்க நாய் மோசம்" என்றால் சண்டைதான் வரும். "என் நாய் பயந்து கடிச்சிடும், கொஞ்சம் பிடிச்சுக்கங்க" என்று பழியைத் தன் நாய் மேலேயே போட்டுக்கொள்வது பழைய தந்திரம், ஆனால் வேலை செய்யும். குழந்தைகள் தடவ ஓடி வந்தாலும் இதே பதில்தான், சிரித்துக்கொண்டே.

இரண்டு, மூன்று முறை சொல்லியும் கேட்காதவர் என்றால், தேதி, நேரத்துடன் குடியிருப்போர் சங்கத்திடமோ மாநகராட்சியிடமோ எழுத்தில் புகார் கொடுக்கலாம். சென்னையில் புகார் கொடுப்பவரின் நாய்க்கும் உரிமம் இருக்க வேண்டும். மாநகராட்சி இணையதளத்தில் தடுப்பூசிச் சான்றுடன் விண்ணப்பித்து அதைப் பெறலாம், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்.