படம் மெய், செய்தி பொய்

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், நாக்பூரில் நாங்கள் இரயில்வே குடியிருப்பில் வசித்த காலத்தில், ஒரு கோடையில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தது. பொதுக் குழாயடியில் என் தாயாரும் பக்கத்து வீட்டு மராத்தி அம்மையாரும் ஒரு கனத்த குடத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். அவ்வழியே வந்த பத்திரிகைக்காரர் ஒருவர் அதைப் படம் எடுத்தார். மறுநாள் உள்ளூர்த் தாள் ஒன்றில் அப்படம் வெளிவந்தது. அதன் கீழே, குடியேறியவர்களுக்கும் ஊராருக்கும் தண்ணீருக்காகக் கைகலப்பு என்று அச்சிட்டிருந்தார்கள்.

குடத்தைத் தூக்கிவிட உதவிய கை, குடத்தைப் பறிக்க வந்த கையாகிவிட்டது! என் தந்தையார் அந்த அலுவலகத்துக்கு நடந்தார். “பெயர் எதுவும் போடவில்லையே, என்ன நஷ்டம் உங்களுக்கு?” என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். உண்மையில் பணநஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால் அன்று முதல் அம்மா குழாயடிக்குப் போவதை நிறுத்திவிட்டார். அப்பாதான் இரவுப் பணி முடிந்து வந்து தண்ணீர் பிடித்தார்.

“என்ன நஷ்டம்?” என்ற அக்கேள்வி என் மனத்தில் தங்கிவிட்டது. சட்டம் பயின்றவனல்லன் நான். பள்ளியிறுதி வரை படித்துச் சரக்கு அலுவலகத்தில் பேரேடு எழுதுகிறவன். ஆயினும் இக்கேள்விக்கு விடை தேடிப் படித்ததில் அறிந்தவற்றை நம் சங்கத்து அன்பர்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

அமெரிக்க நாட்டில் இத்தகைய தீங்குக்கு ஒரு பெயரே இருக்கிறது. ஒருவரைப் பொய்யான வெளிச்சத்தில் நிறுத்துதல் என்பது அதன் கருத்து. 1890-இல் வாரன், பிராண்டைஸ் என்னும் இரு வழக்கறிஞர்கள், மனிதனுக்குத் தன்பாட்டில் விடப்படும் உரிமை உண்டு என்று ஹார்வர்டு சட்ட இதழில் எழுதினார்கள். 1960-இல் பிராசர் என்னும் பேராசிரியர் அவ்வுரிமைக்கு நேரும் கேடுகளை நான்காக வகுத்தார். பொய் வெளிச்சம் அவற்றுள் ஒன்று. அவதூறு என்பது ஊரார் மதிப்பில் நம்மைத் தாழ்த்துவது. இதுவோ, நம்மை நாமல்லாத வேறொருவராகக் காட்டுவது. புகழ்ச்சியாலும் இத்தீங்கு நேரக்கூடும் என்பதுதான் விந்தை.

அதற்கு ஒரு வழக்கே சான்று. 1952-ஆம் ஆண்டு செப்டம்பரில், பிலடெல்பியா நகருக்கு அருகே, சிறையிலிருந்து தப்பிய மூவர் ஒரு வீட்டில் புகுந்து, கணவன் மனைவி, ஐந்து குழந்தைகள் ஆகியோரை ஏறத்தாழ 19 மணி நேரம் பிணையாக வைத்திருந்தனர். ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. மரியாதையாகவே நடத்தினார்கள் என்று குடும்பத் தலைவரே சொன்னார். பிறகு அக்குடும்பம் விளம்பரம் வேண்டாமென்று வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தது. 1955-இல் இதே போன்ற கதையுடன் ஒரு நாடகம் மேடையேறியபோது, ‘லைஃப்’ இதழ் நடிகர்களை அப்பழைய வீட்டுக்கே அழைத்துச் சென்று படம் பிடித்தது. மகனை அடிப்பதாகவும், மகள் கைதியின் கையைக் கடிப்பதாகவும் காட்சிகள்! இக்குடும்பத்துக்கு நேர்ந்ததே நாடகமாயிற்று என்பது செய்தி. அவர்களை வீரராகத்தான் காட்டியது. ஆனால் அவை நடக்காதவை.

கீழ்க்கோர்ட்டுகள் அக்குடும்பத்துக்கு இழப்பீடு அளித்தன. சுப்ரீம் கோர்ட்டில் அவர்களுக்காக வாதாடியவர், பின்னர் ஜனாதிபதியான நிக்ஸன். எனினும் 1967 ஜனவரியில் தீர்ப்பு பத்திரிகைக்குச் சாதகமாயிற்று. பொதுமக்கள் அக்கறை கொள்ளும் செய்தியில், பொய்யென்று அறிந்தே எழுதினார்கள், அல்லது மெய்யா பொய்யா என்று கருதாமல் எழுதினார்கள் என்று நிரூபித்தாலன்றி இழப்பீடு இல்லை என்றார்கள். சிறு பிழைக்கெல்லாம் தண்டித்தால் எந்தப் பத்திரிகையும் துணிந்து எழுதாது என்பது அவர்கள் வாதம். அதைத் தள்ளிவிட முடியவில்லை. ஆயினும் என் மனம் அந்தக் குடும்பத்தின் பக்கமே சாய்கிறது.

அதே 1967-இன் டிசம்பரில் ஒஹையோ ஆற்றுப் பாலம் ஒன்று இடிந்து 46 பேர் மாண்டனர். சில மாதங்கள் கழித்து, இறந்தவர் ஒருவரின் வீட்டுக்குக் கிளீவ்லாந்துப் பத்திரிகையின் நிருபர் சென்றார். தாய் வீட்டில் இல்லை. பிள்ளைகளிடம் பேசிவிட்டுத் திரும்பியவர், அந்த விதவையை நேரில் கண்டதுபோல் அவர் முகபாவத்தையும் வறுமையையும் வருணித்து எழுதிவிட்டார். இதில் அறியாப் பிழை என்று சொல்ல இடமேது? காணாதவரைக் கண்டதாக எழுதினார் அல்லவா? ஜூரிகள் அளித்த 60,000 டாலரை 1974-இல் சுப்ரீம் கோர்ட் உறுதி செய்தது. (அவ்வம்மையாரின் பெயர் சட்டப் புத்தகங்களில் உண்டு, இங்கே நான் எழுதவில்லை.) இவ்வுரிமை வேண்டாமென்று ஒதுக்கிய மாநிலங்களும் அங்கே உண்டு, 1994-இல் டெக்ஸாஸும் 2008-இல் பிளாரிடாவும் அவதூறுச் சட்டமே போதுமென்றன.

நம் நாட்டில் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றப்படவில்லை. ஆனால் வழி பிறந்தது நம் தமிழகத்து வழக்கொன்றில்தான். தூக்குத் தண்டனை பெற்ற ஆட்டோ சங்கரின் சுயசரிதையை ‘நக்கீரன்’ வெளியிட முனைந்தபோது, சிறைத்துறை அதிகாரி வெளியிடக் கூடாதென்று கடிதம் எழுதினார். 1994 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட், அரசோ அதிகாரிகளோ முன்கூட்டித் தடுக்க இயலாது என்றது. அதே தீர்ப்பில், தன்பாட்டில் விடப்படும் உரிமை அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவில் அடங்கியது என்றும், ஒருவரது குடும்பம், திருமணம், தாய்மை, கல்வி ஆகியவற்றைப் பற்றி, மெய்யோ பொய்யோ, புகழ்ச்சியோ இகழ்ச்சியோ, அவர் சம்மதமின்றி வெளியிடலாகாது என்றும் உரைத்தது. கோர்ட் ஆவணம் போன்ற பொதுப் பதிவேடுகளில் உள்ளவற்றுக்கு விலக்கு உண்டு. 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் கூடி அந்தரங்க உரிமையை அடிப்படை உரிமையென்றே உறுதி செய்தார்கள்.

கோர்ட்டுக்குப் போகும் வசதி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. முதலில் பத்திரிகாசிரியருக்குத் தவறைச் சுட்டி எழுத வேண்டும். நகலை வைத்துக்கொள்ள மறவாதீர்கள். பதில் திருப்தியாக இல்லையேல் பிரஸ் கவுன்சிலுக்கு எழுதலாம். நாளிதழ், வார இதழ் எனில் வெளியான இரண்டு மாதத்துக்குள் புகார் சேர வேண்டும். கவுன்சில் அபராதம் விதிக்காது, கண்டிக்கும். அவதூறுக்கு இழப்பீடு கோருவோர் ஓராண்டுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். என் தந்தையாருக்கு இவையொன்றும் தெரியாது. தெரிந்திருந்தால் அப்படியே எழுதியிருப்பார்; அவர் கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும்.

அந்த மராத்தி அம்மையார் சில ஆண்டுகளுக்கு முன் காலமானார். சென்ற விடுமுறையில் அம்மாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது, அந்தப் பத்திரிகைத் துண்டு திருமண அழைப்பிதழ்களுக்கு அடியில் இருக்கக் கண்டேன். “அவளோடு நான் சேர்ந்திருக்கும் படம் இது ஒன்றுதானடா இருக்கிறது” என்றார் அம்மா. படத்துக்குக் கீழிருந்த வரியை மட்டும் கத்தரித்து எறிந்திருந்தார்.