யானையின் சுவடும் பொய்ப் புள்ளியும்

காட்டோரத்தில் வாழையும் கரும்பும் பயிரிடும் அங்கத்தினர்களுக்கு யானையின் நடமாட்டம் வேடிக்கை விஷயமன்று. சில யானைகளின் கழுத்தில் ரேடியோ காலர் எனப்படும் பட்டையைப் பூட்டி, அவை நிற்குமிடத்தை வனத்துறையினர் இன்று அறிந்து வருகின்றனர். சின்னக்கானலில் 2023 ஏப்ரல் 29-ஆம் நாள் பிடிக்கப்பட்டுப் பெரியாறு வனத்தில் விடப்பட்ட அரிக்கொம்பன் என்னும் யானைக்கும் அத்தகைய பட்டை பூட்டப்பட்டது. மே 27-ஆம் நாள் அது கம்பம் நகருக்குள்ளேயே புகுந்ததை நாம் அறிவோம். பட்டையைப் பூட்டுவது பாதி வேலைதான். அது அனுப்பும் புள்ளிகளில் மெய் எது, பொய் எது என்று பிரித்தறிவது மறுபாதி.

பொய்ப் புள்ளி எவ்வாறு பிறக்கிறது? பட்டையிலுள்ள கருவி, வானில் சுற்றும் துணைக்கோள்களிலிருந்து வரும் குறிகளைப் பெற்று, ஒவ்வொன்றும் வந்துசேர எடுத்த காலத்தைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடுகிறது. இடத்தைச் சரிவரக் குறிக்க 4 துணைக்கோள்களேனும் வேண்டும். அடர்ந்த மரநிழலில் குறிகள் நலிகின்றன. பாறைச்சரிவில் மோதித் திரும்பி வரும் குறி சுற்றுவழியாக வருவதால், தூரம் உள்ளதைவிட மிகுதியாகக் கணக்காகிறது. துணைக்கோள்கள் வானத்தின் ஒரே மூலையில் நெருங்கி நின்றாலும் பிழை பெருகும். இப்பிழை பெரும்பாலும் சிறிதே. எப்போதேனும் பல கிலோமீட்டராகவும் ஆகிவிடும்.

ஓர் உதாரணம் கொள்வோம். இரவு 8 மணிக்கு யானை ஓடைக்கரையில் நிற்கிறது. 8.30-க்கு 1 கிலோமீட்டர் தெற்கே காண்கிறது. 9 மணிப் புள்ளியோ அங்கிருந்து 14 கிலோமீட்டர் கிழக்கே, ஒரு கிராமத்தின் நடுவில் விழுகிறது. 9.30-க்கு மறுபடியும் ஓடைக்கரை! அரை மணியில் 14 கிலோமீட்டர் என்றால் மணிக்கு 28 கிலோமீட்டர் வேகமாகும். தாய்லாந்தில் ஆசிய யானைகளை ஓடவிட்டு அளந்த ஆய்வு ஒன்று 2003-இல் வெளிவந்தது. அவற்றுள் மிக விரைந்து ஓடியதும் மணிக்கு 25 கிலோமீட்டரைச் சற்றும் தாண்டவில்லை. அதுவும் சிறிது தூரமே. ஆகவே 9 மணிப் புள்ளி பொய் என்பது தெளிவு. போன வழியே கூர்மையாகத் திரும்பி வந்திருப்பதும் அதற்கு மற்றொரு சாட்சி.

ஆனால் தூரத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்பளித்தல் தவறு. பட்டை 6 மணி நேரம் மௌனமாயிருந்து, பின்னர் 15 கிலோமீட்டர் தள்ளிப் புள்ளி தந்தால், வேகம் மணிக்கு 2½ கிலோமீட்டர்தான். யானைக்கு அது சாதாரண நடை. இன்னொரு கண்ணியும் உண்டு. ஒவ்வொரு புள்ளியையும் முந்திய புள்ளியுடன் மட்டும் ஒப்பிட்டால், முதற்புள்ளியே பொய்யாயிருக்கும்போது, அதன்பின் வரும் மெய்ப் புள்ளிகள் குற்றவாளிகளாகிவிடும். பாவு பூட்டும்போதே முதல் இழை பிசகினால் என்ன நேருமென்று நெசவாளருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. எனவே முன்னும் பின்னும் உள்ள சில புள்ளிகளைச் சேர்த்தே பார்க்க வேண்டும்.

வரம்பை எவ்வளவு இறுக்குவது என்பதிலேதான் உண்மையான சங்கடம். மிகவும் தளர்த்தினால் பொய் எச்சரிக்கையால் ஊரார் வீணே கண்விழிப்பர்; இரண்டு முறை ஏமாந்தவர் மூன்றாம் முறை எழமாட்டார். மிகவும் இறுக்கினால், விரட்டப்பட்ட யானை மெய்யாகவே விரைந்து வந்த புள்ளியும் கழிக்கப்பட்டுவிடும். அந்த இரவில் தோப்பில் காவலிருப்பவர் ஒன்றும் அறியார். நம் அபிப்பிராயத்தில், ஐயத்துக்குரிய புள்ளியை அழிக்கலாகாது. கணக்கேட்டில் ஐயமான பற்றைக் கிழித்தெறியாமல் குறியிட்டு வைப்பதுபோல வைத்துக்கொண்டு, அடுத்த புள்ளி வரும்வரை காவலைத் தொடர்வதே தகும்.

பாயும் புள்ளிகள் மட்டுமே விபரீதமல்ல. பல மணி நேரம் புள்ளிகள் யாவும் ஓரிடத்தையே சுற்றிச் சில மீட்டர் அசைந்து கொண்டிருந்தால், பட்டை கழன்று வீழ்ந்திருக்கலாம், அல்லது யானை நோயுற்றோ இறந்தோ கிடக்கலாம். இதை எந்தக் கணக்கும் தீர்த்துச் சொல்லாது. ஆள் சென்று பார்த்துத்தான் அறிய வேண்டும்.